கால் இல்லாத மெதுவா

எங்கள் மாலை வகுப்பில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் படைப்பை வந்தபடியே மாட்ட வேண்டும். கோணலாக இருந்தால் நிமிர்த்தக் கூடாது. நூல் தொங்கினால் கத்தரிக்கக் கூடாது. அழுக்காக இருந்தால் துடைக்கவே கூடாது.

இந்த விதி வரக் காரணம் சிஸ்டர். பகலில் மருத்துவமனையில் வார்டு நர்ஸ். மாலையில் எங்களோடு உட்கார்ந்து, காலி மாத்திரை அட்டைகளின் வெள்ளித்தாளை வெட்டிப் பறவைகள் செய்பவர். போன வருடக் கண்காட்சிக்கு, ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் தன் வீட்டு அலமாரிகளின் மேல் சேர்ந்த தூசியைச் சலித்து, ஒரு கண்ணாடிப் பலகையில் தூவித் தன் மனைவியின் முகத்தைக் கொண்டுவந்திருந்தார். திறப்புக்குச் சற்று முன் சிஸ்டர் அதைப் பார்த்திருக்கிறார். கை சும்மா இருக்கவில்லை. ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டார். கணக்காளர் வந்து பார்த்தபோது அதில் தெரிந்தது அவருடைய முகம்தான். அவர் சிரித்துவிட்டார், சிஸ்டர்தான் அழுதார். அன்று முதல் ‘வந்தபடி’ என்ற சொல் எங்களுக்குச் சட்டமாகிவிட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. சரியா என்று தெரியவில்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். அதனால் வகுப்பில் என் பெயர் லென்ஸ். வகுப்பில் சொல்லித்தருவதற்குக் கலப்பு ஊடகம் என்று பெயர். சாயம் மட்டும் போதாது, கையில் கிடைத்த எதையும் சேர்க்கலாம் என்று அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினேன். “அப்ப குப்பையக் கொட்டாம வச்சுக்கறதுக்குப் பேருதான் அதுவா” என்று கேட்டுவிட்டு, அம்மா அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

அப்பா எதுவும் கேட்கவில்லை. ஒரு வருடமாக வகுப்புக்குப் போகிறேன். அங்கே என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அக்கறையில்லாமல் அல்ல, தொழில் பழக்கம். வீடு மாற்றித்தரும் கம்பெனியில் அப்பா சாமான் கட்டுபவர். அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் கை மட்டும்தான் உள்ளே போக வேண்டும், கண் போகக் கூடாது என்பார். பார்க்காமல் கட்டுவதுதான் அவருக்கு மரியாதை. கட்டி, பெட்டியின் மேல் மார்க்கரால் எழுதி, வண்டியில் ஏற்றிவிட்டால் அவர் வேலை முடிந்தது. போய்ச் சேரும் இடத்தில் பிரிப்பது வேறு ஆட்கள். தான் கட்டிய பெட்டியை யாராவது திறப்பதை அவர் பார்த்ததே கிடையாது. நாங்கள் வாடகை வீடுகள் மாறிய ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இரவோடு இரவாக எங்கள் சாமானைக் கட்டி ஏற்றிவிட்டு, காலையில் அடுத்தவர் வீட்டுச் சாமான் கட்டப் போய்விடுவார். பிரிப்பதெல்லாம் அம்மாவும் நானும்தான்.

காலி அட்டைப்பெட்டிகளை மட்டும் அவர் எறிய விடமாட்டார். தட்டையாக மடித்து, பீரோவுக்குப் பின்னால் செருகி வைப்பார். வகுப்புக்கு அட்டை வேண்டுமென்று ஒருநாள் அவற்றை வெளியே இழுத்தேன். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து. ‘உள்ளே: பாப்பா துணி.’ ‘உள்ளே: பாப்பா புக்.’ ‘உள்ளே: சமையல், கண்ணாடி, மெதுவ.’ பாப்பா என்பது நான்தான். வீட்டில் இன்னும் அதே பெயர். ஓர் அட்டையில் இப்படி எழுதியிருந்தது: ‘உள்ளே: பாப்பா உடைஞ்ச பொம்மை. மெதுவ.’

ஏற்கெனவே உடைந்த பொம்மை. அதை மெதுவாகத் தூக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பீரோவின் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் படைப்பு அப்படித்தான் உருவானது, அப்பா இல்லாத நேரங்களில் வீட்டிலேயே; வகுப்பில் யாருக்கும் காட்டவில்லை. ஆழமில்லாத ஒரு மரத்தட்டு. அதில் அப்பா எழுதிய சொற்களை அட்டையோடு வெட்டி, வீடு மாறிய வரிசையில் ஒட்டினேன். அவருடைய தேய்ந்த கையுறைகளின் உள்ளங்கைத் தோலை இரண்டு ஓரங்களிலும் பதித்தேன். சொற்களுக்கு மேலே, தேய்க்கும்போது அளவு தவறிக் கடையில் ஒதுக்கிவைத்த லென்ஸ்களைச் சின்னச் சின்னக் கம்பிக் கால்களில் நிறுத்தினேன். குனிந்து பார்த்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். தலைப்பு, ‘உள்ளே’. சொற்களை இன்னும் நெருக்கமாக ஒட்டியிருக்கலாமோ, லென்ஸ்கள் அதிகமோ என்ற சந்தேகம் கடைசிவரை போகவில்லை.

இதை அப்பா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மற்றவர்கள் பார்ப்பதும் பாராட்டுவதும் அதற்குப் பிறகுதான் என்று மிக உறுதியாக நினைத்திருந்தேன். அந்த வரிசை எவ்வளவு சுலபமாக மாறியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

படைப்புகளை மாட்டும் நாளில் கடையில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக அப்பா சொன்னார். முன் அறையில் சுவரோரம், பழைய படுக்கை விரிப்பு மூடி வைத்திருந்தேன். பின்பக்கம் மாட்டுவதற்கு ஒரு கம்பி வளையம் இருக்கிறது, அது மட்டும் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாரோ என்று ஒரு நப்பாசை. அவர் பார்க்கவில்லை. நான் கிளம்பும்போது விரிப்போடு சேர்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திறப்பு மாலை, கடையிலிருந்து நேராக நூலகத்தின் மாடிக் கூடத்துக்குப் போனேன். கூட்டம் வந்திருந்தது. பல்மருத்துவக் கூடத்தில் பல்செட் செய்பவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். அவர் பெயரே பல்செட் அண்ணன். பிளாஸ்டர் பற்களை வரிசை வரிசையாக அடுக்கி ஒரு நகரம் கட்டியிருந்தார். ஈறுக்கு ஊற்றும் ரோஜா நிற மெழுகுதான் அதன் தெருக்கள். முடிதிருத்தும் நிலையம் நடத்தும் ஒரு அக்கா, வெட்டி விழுந்த முடியையெல்லாம் பின்னிக் கால்மிதி செய்திருந்தார். யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சிஸ்டரின் வெள்ளிப் பறவைகள் மின்விசிறிக் காற்றில் கிணுகிணுத்தன.

என்னுடையதைத் தேடினேன். நடுச்சுவரில், நல்ல விளக்கு விழும் இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

அப்பா கட்டியபடியே.

பழுப்பு நெளி அட்டை, மடிப்புகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. நான்கு மூலைகளிலும் அட்டையிலேயே செய்த காப்புகள். அவற்றின் இடுக்கில் சாம்பல் நிறப் போர்வையின் ஓரம் ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தது. குறுக்கும் நெடுக்கும் சணல் கயிறு, முடிச்சுகள் எல்லாம் ஒரே கோட்டில். கம்பி வளையம் வளையக் கூடாது என்றேன் அல்லவா, பின்பக்க அட்டையைக் கீறி வளையத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டிருந்தார். ஆணியில் மாட்ட ஒரு தடையும் இல்லை. கீழ் மூலையில் மார்க்கர் எழுத்து: ‘உள்ளே: பாப்பா வேலை. மெதுவ.’

பக்கத்தில், நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்த விவரச் சீட்டு. தலைப்பு: உள்ளே. பொருட்கள்: நெளி அட்டை, சணல் கயிறு, மார்க்கர் எழுத்து, கையுறைத் தோல், பழுதான லென்ஸ்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரும் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. மாட்டியவர்கள் சிஸ்டரும் பல்செட் அண்ணனும். வந்தபடியே மாட்டியிருந்தார்கள்.

முதலில் டீச்சர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த வருடத்தில் நீ செய்ததிலேயே துணிச்சலானது இது என்றார். தலைமை விருந்தினராக வந்திருந்த கலைக்கல்லூரிப் பேராசிரியை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். லென்ஸும் தோலும் உள்ளே இருப்பதாகச் சொல்லிவிட்டு அவற்றைக் காட்டாமல் விட்டதைப் பற்றிப் பேசினார். பிறகு அந்த எழுத்தைக் காட்டினார்.

“மெதுவான்னு எழுதாம கால விட்டுட்டீங்க பாருங்க. சொல்லே நடக்க முடியாம நிக்குது. யோசிச்சுத்தானே செஞ்சீங்க?”

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றும் இல்லாமல், ஆமாம் என்றும் இல்லாமல் ஆட்டியதாக அப்போது என்னையே நம்பவைத்துக்கொண்டேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

உண்மையைச் சொன்னால், அது நன்றாக இருந்தது. உள்ளே இருப்பதைவிட நன்றாக இருந்தது. நான் மாதக்கணக்கில் ஒட்டியும் பிய்த்தும் செய்ததை, அப்பா தன்னையறியாமல் ஒரு காலைப்பொழுதில் செய்திருந்தார். இப்படியே விட்டுவிடலாம், கண்காட்சி முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் பிரித்துக் காட்டலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். முடிவெடுத்தபிறகு அம்மாவும் அப்பாவும் படியேறி வருவது தெரிந்தது.

அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அவர் இந்த மாதிரி இடங்களுக்கு வருபவர் அல்ல. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் அடுத்தவர் வீட்டுக்குள் நிற்பதுபோல நின்றார். பல் நகரத்தைப் பார்த்து அம்மா ஏதோ கிசுகிசுத்தாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் நடுச்சுவருக்கு வந்தார்கள். அப்பா தன் கட்டைப் பார்த்தார். விவரச் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார்.

“ஏன் பாப்பா, இன்னும் பிரிக்கல?”

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பேராசிரியை பேசிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“பிரிக்கறதா?” என்றார் பல்செட் அண்ணன்.

சிஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். “இந்தத் தடவ நான் தொடவே இல்ல.”

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. அப்பாவுக்கு மெல்லப் புரிவதை நான் அவர் காதுகளில் பார்த்தேன். அவருக்கு வெட்கம் வந்தால் காதுதான் முதலில் சிவக்கும்.

“பிரிச்சு மாட்டவும்னு மேல எழுதியிருக்கணும்” என்றார். “எனக்குத் தோணல. கெடுத்துட்டேன் பாப்பா.”

அம்மா சூழ்நிலையைச் சரிசெய்யப் பார்த்தாள். “ஊர்ல இருக்கற வீட்டையெல்லாம் கட்டினது போதாதுன்னு, பொண்ணு படத்தையும் கட்டிப் போட்டுட்டாரு” என்றாள். அது உதவவில்லை. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், கிளம்புவதற்கு முன் அவர் செய்வது அது. நீங்கள் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள், கீழே நிற்கிறேன் என்றார்.

இப்போது அவர் இறங்கிப் போனால் மறுபடி ஏற மாட்டார். வீட்டில் பிரித்துக் காட்டினாலும், தான் கெடுத்த ஒன்றைத்தான் பார்ப்பார். இது எனக்கு எப்படியோ தெளிவாகத் தெரிந்தது. மற்ற எதுவும் தெரியவில்லை.

“இல்லப்பா. நீங்களே பிரிங்க.”

“நானா?” என்றார். “கட்டினவன் பிரிக்கறதில்ல பாப்பா.”

“அப்ப எங்க இழுக்கணும்னு சொல்லுங்க. நான் பிரிக்கறேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தை. பிறகு, வேலை என்று வந்துவிட்டால் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது. நீளமான மேசை ஒன்று வேண்டுமென்றார். பல்செட் அண்ணனும் டீச்சரும் தின்பண்டத் தட்டுகளை அகற்றி மேசையைக் கொண்டுவந்தார்கள். சுவரிலிருந்து அந்தக் கட்டை இறக்கி, எழுத்து மேலே தெரியும்படி கிடத்தினேன். பேராசிரியையிடம் மன்னிக்கச் சொன்னேன். நான் தலையாட்டியது பொய் என்றேன். அவர் தன் கைப்பையை எடுத்து மேசையில் எனக்கு இடம் விட்டார்.

“அந்த முன இல்ல. பக்கத்துல, குட்டையா இருக்கு பாரு. அதப் பிடி. இழு.”

இழுத்தேன். ஒரே இழுப்பில் முடிச்சுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து, கயிறு முழுவதும் தளர்ந்து மேசைமேல் விழுந்தது. சுற்றி நின்றவர்களிடமிருந்து ஒரு சின்ன மூச்சுச் சத்தம் வந்தது. அதைவிட ஆச்சரியப்பட்டவர் அப்பாதான். இந்த முடிச்சை எத்தனையோ ஆயிரம் தடவை போட்டிருப்பார். அது அவிழ்வதை எதிரில் நின்று பார்த்ததில்லை.

“நல்லாத்தான் அவுறுது” என்றார், தனக்குள்.

அவர் கயிறைச் சுருட்டிக்கொண்டே வந்தார்; நான் அட்டையைத் திறந்தேன். போர்வை வெளிப்பட்டது. “இதத்தானே நேத்துலேருந்து தேடிட்டிருக்கேன்” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். கடைசியாகப் படுக்கை விரிப்பு. அதை விலக்கினேன்.

தட்டைத் தூக்கி மறுபடி அதே ஆணியில் மாட்டினோம். விளக்கு லென்ஸ்களில் பட்டு, சுவரெங்கும் வட்டவட்டமாகச் சிதறியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை, வீட்டில் டியூப்லைட்தான். அப்பா அருகில் வந்தார். படிக்கிற கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையைத் தடவி, இல்லையென்று தெரிந்து, குனிந்து ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன.

“உள்ளே. பாப்பா புக்.”

அடுத்த லென்ஸ். அதற்கடுத்தது. எங்கள் ஒவ்வொரு வீட்டையும் குனிந்து குனிந்து தாண்டினார். ஒன்றின் முன்னால் மட்டும் நின்றுவிட்டார். அது எது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

“உடைஞ்ச பொம்மை. மெதுவ.” நிமிராமல் சொன்னார். “கால விட்டிருக்கேனே.”

பக்கத்துச் சொற்களைப் பார்த்தார். “இதுலயும் விட்டிருக்கேன். இதுலயும்.” நிமிர்ந்தார். “எல்லாத்துலயுமா? இத்தன வருஷமா யாருமே சொல்லலையே.”

“ஆனா எல்லாரும் மெதுவாத்தானேப்பா தூக்கினாங்க” என்றேன்.

“கால் இல்லன்னா மெதுவாத்தானே போகும்” என்றார் பல்செட் அண்ணன்.

அப்பா முதலில் சிரித்தார். அதன்பிறகுதான் மற்றவர்கள். சிரிப்பு அடங்கியதும் அம்மா முன்னால் வந்து, தன் பங்குக்குக் குனிந்து பார்த்தாள். அம்மா எதையும் சும்மா பார்ப்பவள் அல்ல. ஒரு விரலைச் சொல்லுக்குச் சொல் காற்றிலேயே நகர்த்திக்கொண்டு போனாள்.

“பாப்பாவுக்கு மட்டும் எங்கயும் கால் விடல பாரு. ரெண்டு காலும் எல்லாத்துலயும் இருக்கு” என்றாள். “உனக்கே ரெண்டையும் குடுத்துட்டாரு. அப்புறம் மெதுவாவுக்கு எங்கேருந்து வரும்?”

அப்பா மறுபடி தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓரத்தில் பதித்திருந்த கையுறைத் தோலின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். தேய்மானம் சரியாகப் பொருந்தியது. சிஸ்டர், தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

பேராசிரியை கடைசியாக வந்து, அதே லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். படைப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பொம்மை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். புதுப் பெட்டியில் மாற்றி வைத்திருக்கிறோம், இன்னும் ஒட்டவில்லை என்றாள் அம்மா.

கூட்டம் கலைந்தபிறகு பல்செட் அண்ணன் என்னிடம் வந்து, கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வெளியே இருந்ததுதான் பிடித்திருந்தது என்றார். எனக்கும் பாதி அப்படித்தான் என்றேன். லென்ஸ்கள் அதிகம்தான், இரண்டை எடுத்துவிட வேண்டும். டீச்சரும் அப்படியே நினைக்கிறார் என்று தோன்றுகிறது, சொல்லவில்லை.

கண்காட்சியின் கடைசி நாளில் அப்பா வேலை முடிந்து கயிறோடும் போர்வையோடும் வந்தார். அட்டையும் அதே அட்டைதான். ஆனால் கீழ் மூலை எழுத்தை நான் வெட்டி எடுத்துவிட்டிருந்தேன். அந்த ஓட்டையில் ஒரு புதுத் துண்டை வைத்து மூடினார். இந்தத் தடவை விரிப்பைப் போர்த்தும் முன் ஒருமுறை உள்ளே பார்த்தார். கட்டி முடித்து, மார்க்கரின் மூடியைக் கழற்றி, புதுத் துண்டில் எழுதினார்.

‘உள்ளே: பாப்பா வேலை. மெதுவ’

பேனா அங்கேயே நின்றது. ஒரு கால் போட இடம் இருந்தது. அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மார்க்கரை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“வீட்டுக்குப் போனதும் நீ பிரி. நான் எதிர்ல உக்காந்து பாக்கறேன்” என்றார்.

இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். படி வந்தது. அவர் பின்னோக்கி இறங்க, நான் மேற்பக்கம் தாங்கிக்கொண்டேன்.

“மெதுவா” என்றார். வாயால் சொல்லும்போது அந்தக் கால் இருந்தது. நீளமாகவே இருந்தது.